கார்பன் பீமில் செல்களை எப்படி வைப்பது? முதல் பீம் டைம், உதவி தேவை

#1 கயல்_ஆய்வு

எல்லாருக்கும் வணக்கம். கதிர்வீச்சு உயிரியலில் பிஎச்.டி. செய்கிறேன். எங்கள் லேபில் இதுவரை எல்லாமே கோபால்ட்-60 காமாவில்தான். டிஷ்ஷை உள்ளே வைத்து, நேரத்தை செட் செய்து, வெளியே எடுத்தால் வேலை முடிந்தது. இப்போது ஒரு டேண்டம் முடுக்கியில் கார்பன் பீம் (கார்பன் அயனிக் கற்றை) கேட்டு எழுதியது கிடைத்திருக்கிறது. ஃபார்மில் ஆற்றல் 85 எம்.ஈ.வி. (மெகா எலக்ட்ரான் வோல்ட்) என்று போட்டிருக்கிறார்கள். பீம் படுக்கைவாட்டில் வரும், டைட்டானியம் ஜன்னல் வழியாகக் காற்றுக்குள் வெளியே வரும் என்றார்கள்.

செல்: வி79 (சீன வெள்ளெலி நுரையீரல்). காலனி எண்ணிக்கையும் காமா-எச்2ஏஎக்ஸ் புள்ளிகளும் (டி.என்.ஏ. உடைந்த இடத்தைக் காட்டுபவை) பார்க்க வேண்டும். ஜப்பான் குழு ஒன்றின் கட்டுரையில் டி25 ஃபிளாஸ்க்கில் (செல் வளர்க்கும் பிளாஸ்டிக் குப்பி) மீடியத்தை, அதாவது வளர்ப்புத் திரவத்தை நிரப்பி, நிற்க வைத்துக் கார்பன் கொடுத்திருக்கிறார்கள். அதையே செய்யலாம் என்று இருக்கிறேன். டோஸ் 0.5, 1, 2, 4 கிரே (உள்வாங்கும் கதிர் ஆற்றலின் அலகு). இதில் எதாவது இடிக்கிறதா?

#2 பீம்லைன்காரன்

வாழ்த்துகள் கயல். ஆனால் ஃபிளாஸ்க் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். உங்கள் பீம் அந்த ஃபிளாஸ்க்கின் சுவரைத் தாண்டாது.

ஜப்பானில் சிபா நகரத்து ஹிமாக் முடுக்கியில் செய்த வேலையாக இருக்கும். 1994 முதல் நோயாளிகளுக்குக் கார்பன் கொடுக்கும் இடம் அது. அங்கே கார்பனுக்கு ஒரு நியூக்ளியானுக்கு (அணுக்கருவில் உள்ள புரோட்டான் அல்லது நியூட்ரான்; கார்பனில் 12) 290 எம்.ஈ.வி. இருக்கும். தண்ணீரில் 16 செ.மீ. போகும். ஃபிளாஸ்க் சுவரின் ஒரு மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் அதற்குப் பொருட்டே இல்லை. உங்களுடையது மொத்தமே 85, அதாவது நியூக்ளியானுக்கு 7 சொச்சம். தண்ணீரில் 0.2 மி.மீ. போனால் பெரிது. இரண்டையும் கார்பன் என்றுதான் சொல்கிறோம், ஆனால் செல்லை வைக்கும் முறையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

அடுத்தது இன்னும் முக்கியம். 85 என்பது முடுக்கியை விட்டுக் கிளம்பும்போது இருக்கும் ஆற்றல். செல்லுக்கு அது வந்து சேராது. உதாரணத்துக்கு ஜன்னல் 20 மைக்ரான் டைட்டானியம் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 13 எம்.ஈ.வி. போய்விடும். அப்புறம் 3 செ.மீ. காற்று இருந்தால் அது 8 எடுக்கும். செல்லின் மேல் படும்போது 64 பக்கம்தான் மிச்சம். தண்ணீரில் இனி 0.13 மி.மீ.தான் போகும்.

துகள் மெதுவாக ஆக ஆக, ஒவ்வொரு மைக்ரானிலும் அது இறக்கிவிட்டுப் போகும் ஆற்றல், அதாவது எல்.ஈ.டி., கூடிக்கொண்டே வரும். ஆல்ஃபாத் துகளில் இயற்பியலாளர் பிராக் 1904ல் பார்த்த அதே சமாசாரம்தான். 85 எம்.ஈ.வி.யில் மைக்ரானுக்கு 215 கே.ஈ.வி. (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) என்றால், 64ல் அது 270ஐத் தொடும். ஃபார்மில் இருக்கும் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் டோஸ் அப்போதே 20 விழுக்காடு குறைவாக வரும். செல்லைத் தொடுவதற்கு முன்பே இவ்வளவு பிழை.

ஆகவே முடுக்கி ஆட்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது மூன்று விஷயங்கள்: ஜன்னல் எந்தப் பொருள், எத்தனை மைக்ரான், ஜன்னலிலிருந்து டிஷ் வரை எத்தனை மில்லிமீட்டர். "பீம் எனர்ஜி எவ்வளவு" என்று மட்டும் கேட்டால் 85 என்றுதான் பதில் வரும். அது தப்பான பதில் இல்லை, உங்களுக்கு உதவாத பதில்.

#3 செல்வளர்ப்பு_ஜெயா

பீம்லைன்காரன் சார் சொன்னதோடு என் பங்கும். இந்த ஆற்றலில் மீடியம்தான் பெரிய பிரச்சினை.

செல்லுக்கு மேல் வழக்கம்போல 2 மி.மீ. மீடியம் இருந்தால் பீம் மீடியத்திலேயே நின்றுவிடும். அதனால் கொடுக்கும் நேரத்தில் மீடியத்தை எடுத்துவிட வேண்டும். பீம் படுக்கையில் வருவதால் டிஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். இங்கேதான் கவனம். மீடியத்தை உறிஞ்சி எடுத்தாலும் செல்களின் மேல் ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். டிஷ்ஷை நிறுத்தியதும் அது கீழ்நோக்கி வடியும். மேல் விளிம்பில் 10 மைக்ரான், கீழ் விளிம்பில் 50 மைக்ரான் என்று ஆகிவிட்டால், மேலே இருக்கும் செல்லுக்கு 280, கீழே இருப்பதற்கு 330 கே.ஈ.வி. ஒரே டிஷ்ஷில் இரண்டு சோதனை நடக்கிறது, காலனி எண்ணும்போது இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறோம்.

இன்னொரு பக்கம், முழுக்க வடித்துவிட்டால் மேல் விளிம்பு செல்கள் காயும். காய்ந்து செத்த செல்லையும் கதிரால் செத்த செல்லையும் காலனித் தட்டில் பிரித்துப் பார்க்கவே முடியாது.

நல்ல வழி, அடிப்பக்கமாகக் கொடுப்பது. கண்ணாடி வளையம் அல்லது ஸ்டீல் வளையத்தின் அடியில் மெல்லிய மைலார் (பாலியெஸ்டர்) தாளை இழுத்து ஒட்டி, அதன்மேல் செல்லை வளர்ப்பது. பீம் மைலார் வழியாக வந்து செல்லைத் தொடும், மீடியம் செல்லுக்குப் பின்னால் இருக்கும். 1960களில் நெதர்லாந்தில் பாரன்ட்சன் ஆல்ஃபாவை வைத்துச் செய்த புகழ்பெற்ற வேலைகளின் அடிப்படை இதுதான். மைலார் 3 முதல் 6 மைக்ரான் போதும். வெறும் மைலாரில் வி79 சரியாக ஒட்டாது, ஃபைப்ரோனெக்டினோ ஜெலட்டினோ பூசிக்கொள்ளுங்கள். ஒட்டும் பசையில் செல்லுக்கு விஷமாகும் பொருள் இருக்கிறதா என்று ஊரிலேயே ஒரு முறை வளர்த்துப் பார்த்துவிடுங்கள். சிலிக்கோன் பசைகளில் சில, காயும்போது அசிட்டிக் அமிலம் விடும்.

#4 கயல்_ஆய்வு

ரொம்ப நன்றி. ஃபிளாஸ்க் கைவிடப்பட்டது. மைலார் டிஷ் செய்து பார்க்கிறேன். டெல்லி ஐ.யூ.ஏ.சி. முடுக்கி மையத்தில் ஆஸ்பயர் என்ற தானியங்கி அமைப்பு இருக்கிறதாம், கைபடாமலே டிஷ்ஷை எடுத்து பீமுக்கு முன்னால் நிறுத்துமாம். எனக்குக் கிடைத்திருப்பது வேறு இடம், அங்கே எல்லாம் கையால்தான்.

டோஸ் பட்டியல் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? 0.5, 1, 2, 4 சரிதானா?

#5 டார்ம்ஸ்டாட்_வாசி

ஜெர்மனியில் இருந்து எழுதுகிறேன், துகள் கதிரியல்தான் எனக்கும் வேலை. டோஸைப் பற்றிக் கதைப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைச் செய்து பாருங்கோ.

டோஸ் (கிரே) = எல்.ஈ.டி. × ஒரு சதுர செ.மீ.க்கு விழும் துகள்கள் × 1.6 ÷ 100 கோடி. தண்ணீரின் அடர்த்திக்கு இது.

எல்.ஈ.டி. 270 என்றால் 1 கிரே கொடுக்க ஒரு சதுர செ.மீ.க்கு 23 லட்சம் கார்பன் வேண்டும். பெரிய எண் போலத் தெரியும். ஆனால் ஒரு செல் கருவின் பரப்பு ஏறத்தாழ 100 சதுர மைக்ரான். அதற்குக் கிடைப்பது சராசரி 2.3 துகள் மட்டுமே. தூறல் தொடங்கும்போது முற்றத்துக் கல் ஒன்றில் மூன்று துளி விழும், பக்கத்துக் கல் காய்ந்தே கிடக்கும். அதே கதைதான். சராசரி 2.3 என்றால் பாய்சான் கணக்குப்படி (தற்செயலாக விழுபவற்றுக்கான நிகழ்தகவுக் கணக்கு) 10 செல்லில் ஒன்றின் கருவை ஒரு துகள்கூடத் தொட்டிருக்காது. 0.5 கிரேயில் 100க்கு 31 செல்லின் கரு தொடப்படாமலே இருக்கும்.

எல்.ஈ.டி. குறைந்த கதிரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். எல்.ஈ.டி. 1 உள்ள புரோட்டானில் அதே 1 கிரேக்கு ஒரு கருவை 600க்கு மேல் துகள்கள் கடக்கும். அங்கே எல்லாச் செல்லும் ஏறத்தாழ ஒரே அளவு வாங்குகின்றது. உங்களிடத்தில் சில செல் எதுவும் வாங்கவில்லை, சில செல் ஆறு ஏழு அடி வாங்கியிருக்கும். "1 கிரே கொடுத்தேன்" என்பது டிஷ்ஷின் சராசரி. எந்தத் தனிச் செல்லின் நிலையும் அதில் இல்லை.

அதனால் 4 கிரே உங்களுக்குத் தேவையே படாது. அங்கே சராசரி 9 அடி, எண்ணுவதற்குக் காலனி அதிகம் மிஞ்சாது. 0.25ல் தொடங்கி 2 வரைக்கும் நெருக்கமாகப் புள்ளிகள் எடுங்கோ. வரைபடத்தில் கிரே ஒரு அச்சில் இருக்கட்டும், அதோடு துகள் எண்ணிக்கையையும் கட்டாயம் எழுதுங்கோ.

#6 தரமணி_மெட்பிசிக்ஸ்

நான் மருத்துவமனைப் பக்கம். புரோட்டான் சிகிச்சை சென்னைக்கு 2019ல் வந்ததிலிருந்து டோஸை எப்படிச் சொல்வது என்ற இந்தக் கேள்வி எங்களையும் சுற்றி வருகிறது.

டார்ம்ஸ்டாட் நண்பர் சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கிரேயைத் தூக்கிப் பின்னால் வைக்க முடியாது. உயிரியல் விளைவு விகிதம், அதாவது ஆர்.பி.ஈ., என்பதே ஒரே விளைவுக்கு எக்ஸ்-ரே எத்தனை கிரே, துகள் எத்தனை கிரே என்ற ஒப்பீடுதான். மருத்துவர் கேட்பதும் அதைத்தான். புரோட்டானுக்கு நாங்கள் எல்லா ஆழத்திலும் 1.1 என்று வைத்து நோயாளிக்குக் கொடுக்கிறோம். கற்றை நிற்கும் கடைசி சில மில்லிமீட்டரில் அது 1.1ஐ விடக் கூடும் என்று செல் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அந்த எண் கிரேயில் வந்தால்தான் சிகிச்சைத் திட்டத்தில் எங்களால் பயன்படுத்த முடியும்.

கயல், ஒப்பீட்டுக்கு எதை வைக்கிறீர்கள்? கோபால்ட்-60 காமாவும் 250 கிலோவோல்ட் எக்ஸ்-ரேவும் ஒன்றல்ல, குறைந்த டோஸில் எக்ஸ்-ரே கொஞ்சம் கூடுதலாகக் கொல்லும். கட்டுரையில் எது என்று எழுதாவிட்டால் உங்கள் ஆர்.பி.ஈ.யை யாரும் வேறொன்றோடு ஒப்பிட முடியாது.

#7 டார்ம்ஸ்டாட்_வாசி

நான் கிரேயை எறியச் சொல்லவில்லை, தனியாக விடவேண்டாம் என்கிறேன். இங்கே ஜி.எஸ்.ஐ. ஆய்வு மையத்தில் 1997 முதல் 2008 வரைக்கும் 400க்கு மேற்பட்ட நோயாளிகளுக்குக் கார்பன் கொடுத்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தது பல வருடச் செல் சோதனை. உலகம் முழுக்க வெளியான செல் உயிர்பிழைப்புத் தரவுகளைத் திரட்டி பைட் என்ற தொகுப்பையும் அந்தக் குழு வைத்திருக்கின்றது. அதைத் திறந்து பாருங்கோ. ஒரே அயனி, ஒரே எல்.ஈ.டி., ஒரே செல் வகைக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் எவ்வளவு விலகல்! அதில் ஒரு பகுதி உயிரியல். இன்னொரு பகுதி, பீம்லைன்காரன் சொன்ன அந்தக் கடைசி மில்லிமீட்டர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஜன்னலும் காற்றும் மீடியமும் என்ன தடிப்பு என்று எழுதாமல் எல்.ஈ.டி. 270 என்று மட்டும் எழுதினால், அது எந்த இடத்து 270 என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

270 என்பதே எச்சரிக்கையான இடம். எல்.ஈ.டி. கூடக்கூடக் கொல்லும் திறன் கூடி, மைக்ரானுக்கு 100 கே.ஈ.வி.யை ஒட்டி உச்சம் தொடும். அங்கே அயனியாக்கங்களுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 2 நானோமீட்டர், டி.என்.ஏ. இழையின் விட்டமும் அதே அளவு. அதைத் தாண்டினால் ஒரு துகள் தேவைக்கு மேல் ஆற்றலைக் கொட்டுகின்றது, கிரேக்குக் கிரே பார்த்தால் திறன் இறங்கும். கயல் நிற்பது அந்த இறக்கத்தில். மீடியப் படலம் தடித்தால் எல்.ஈ.டி. கூடும், ஆனால் ஒரு கிரேக்கு விளைவு குறையும்.

#8 கயல்_ஆய்வு

ஒப்பீடு எங்கள் கோபால்ட்-60தான், எழுதிவிடுகிறேன். வழிகாட்டிப் பேராசிரியரிடம் இந்த இழையைக் காட்டினேன், டோஸ் பட்டியலை மாற்றிவிட்டோம்.

23 லட்சம் துகள் விழுந்தது என்று எப்படி அளப்பது? ஃபாரடே கப் (பீமின் மின்னோட்டத்தை அளக்கும் கருவி) இருக்கிறது என்றார்கள்.

#9 பீம்லைன்காரன்

ஃபாரடே கப் இந்த வேலைக்கு ஆகாது. விநாடிக்கு 10 லட்சம் கார்பன், ஆறு மின்சுமையோடு வந்தாலும், மின்னோட்டம் 1 பிக்கோ ஆம்பியர்தான். உங்களுக்கு அதைவிடவும் குறைவாக வேண்டும். அந்த அளவில் கப் காட்டுவது இரைச்சலா பீமா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு துகளாக எண்ண வேண்டும்.

வழக்கமான முறை இது. செல் வைக்கும் இடத்திலேயே ஒரு சிலிக்கான் டிடெக்டரை வைத்து எண்ணுங்கள். அதே நேரம் பீமின் ஓரத்தில் இன்னொரு டிடெக்டர் நிரந்தரமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் குறித்துக்கொண்டு, நடு டிடெக்டரை எடுத்துவிட்டு டிஷ்ஷை வையுங்கள். இனி ஓர டிடெக்டரின் எண் இலக்கைத் தொட்டதும் ஷட்டர் மூட வேண்டும். நேரத்தை வைத்து மூடாதீர்கள், டேண்டம் பீம் ஏறி இறங்கும். சிலிக்கான் டிடெக்டர் இன்னொரு நன்மையும் செய்யும்: ஆற்றலையும் காட்டும். நான் 64 என்று சொன்னது கணக்கு. அங்கே 58 என்று வந்தால் 58தான் உண்மை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு இடத்தில் ஜன்னல் ஓட்டையாகி, இருந்ததைவிடத் தடித்த தாளை மாட்டிவிட்டு, பயனர்களுக்குச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். எங்கள் குழு டிடெக்டரில் ஆற்றல் குறைந்திருப்பதைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்கு முன்னால் பீம் எடுத்துக்கொண்டு போனவர்களின் தரவு என்ன ஆனதோ, யாருக்குத் தெரியும். உயிரோடு இருக்கும் செல்லை ரயிலேற்றிக் கொண்டுவருகிறவருக்கு இதைச் சொல்லாமல் இருப்பது பெரிய அநியாயம். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் நீங்களே அளந்துவிடுங்கள்.

சீராக விழுகிறதா என்று பார்க்க சி.ஆர்.-39 பிளாஸ்டிக் வையுங்கள். 6.25 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 70 டிகிரியில் அரித்தால் ஒவ்வொரு துகளும் விழுந்த இடம் குழியாகத் தெரியும், மைக்ரோஸ்கோப்பில் எண்ணலாம். ஆனால் 23 லட்சம் விட்டால் குழிமேல் குழியாகி எண்ண முடியாது. சதுர செ.மீ.க்கு 10, 20 ஆயிரம் மட்டும் விட்டு எடுங்கள். டிஷ்ஷின் நடுவிலும் நான்கு ஓரத்திலும் எண்ணிப் பாருங்கள்.

#10 தரமணி_மெட்பிசிக்ஸ்

ரேடியோகுரோமிக் ஃபிலிமும் கூட வைக்கலாம், பீம் வடிவம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதிலிருந்து டோஸை எடுக்காதீர்கள். எல்.ஈ.டி. அதிகமான இடத்தில் ஃபிலிம் உண்மையைவிடக் குறைவாகத்தான் கறுக்கும்.

#11 மதுரை_ஆல்ஃபா

கொஞ்சம் வேறு கோணம். முடுக்கி இல்லாமல் இதில் எவ்வளவோ செய்யலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. அமெரிசியம்-241 தட்டு ஒன்று இருந்தால் 5.49 எம்.ஈ.வி. ஆல்ஃபா கிடைக்கும், அதே மைலார் டிஷ் போதும். 1992ல் நாகசாவாவும் லிட்டிலும் ஆல்ஃபாவை வைத்துத்தான், 100ல் ஒரு செல் கருகூட அடிபடாத டோஸில் 30 விழுக்காடு செல்களில் குரோமாட்டிட் மாற்றம் வந்ததைக் காட்டினார்கள். அடிபடாத பக்கத்துச் செல்லும் பாதிக்கப்படுகிறது என்ற ஆராய்ச்சியே அங்கிருந்துதான் சூடு பிடித்தது. பல்கலைக்கழக லேபில் அனுமதியோடு, பீம் டைமுக்குக் காத்திருக்காமல், வாரா வாரம் செய்யலாம்.

#12 டார்ம்ஸ்டாட்_வாசி

முழுக்க உண்மை. அது மட்டுமில்லை, #5இல் நான் சொன்ன தொடப்படாத 10 விழுக்காட்டை "பாதிக்கப்படாதவை" என்று எடுக்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். அந்தச் செல் மீடியம் வழியாகச் செய்தி வாங்குகின்றது. கயல், கதிர் கொடுத்த டிஷ்ஷின் மீடியத்தை வடிகட்டிக் கதிர் படாத டிஷ்ஷில் ஊற்றி ஒரு தொகுதி வைத்துப் பாருங்கோ, கூடுதல் பீம் தேவைப்படாது.

ஆனால் ஆல்ஃபாவில் ஆற்றலை மாற்றும் சுதந்திரம் குறைவு, தட்டிலிருந்து பல கோணத்தில் வரும். ஒரு செல்லுக்கு ஒரே துகள் என்று குறிவைத்துக் கொடுக்க மைக்ரோபீம்தான் வேண்டும், கொலம்பியா பல்கலைக்கழகத்து ராராஃப், மியூனிக் பக்கத்தில் இருந்த ஸ்நேக் மாதிரி.

#13 செல்வளர்ப்பு_ஜெயா

பயணத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. செல் எடுத்துப்போகும் ஃபிளாஸ்க்கைக் கழுத்துவரை மீடியத்தால் நிரப்பி, மூடியை இறுக்கிப் பாராஃபிலிம் சுற்றுங்கள். பாதி நிரப்பினால் வண்டி குலுங்கும்போது மீடியம் அலையடித்துச் செல்லைப் பெயர்க்கும். அங்கே போய்ச் சேர்ந்ததும் மைலார் டிஷ்ஷுக்கு மாற்றி ஒரு இரவாவது இன்குபேட்டரில் ஒட்ட விடுங்கள்.

முடுக்கி அறையில் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இருக்காது. வெளியே வைத்த மீடியம் காரமாகும், ஆரஞ்சுச் சிவப்பு ஊதாவை நோக்கிப் போகும். அந்த நிறத்தைப் பார்த்தாலே செல் திணறுகிறது என்று அர்த்தம். ஹெப்பஸ் (அமில-காரச் சமநிலையைக் காக்கும் பொருள்) போட்ட மீடியம் கொண்டுபோங்கள். பீம் நடுவில் நின்றுபோனால் ஒரு டிஷ் வெளியே அரை மணி நேரம் கிடக்கும், அந்த டிஷ்ஷைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

பீம் காட்டாத டிஷ் கட்டாயம். இன்குபேட்டரிலேயே இருந்த டிஷ் அதற்கு ஈடாகாது. பீம் டிஷ் போன இடமெல்லாம் அதுவும் போக வேண்டும்: அதே மைலார், அதே குளிர், செங்குத்தாக நின்ற அதே நிமிடங்கள். ஷட்டர் மட்டும் திறக்கக் கூடாது. உயிர்பிழைப்பு விகிதத்தை அதை வைத்துத்தான் வகுக்க வேண்டும்.

காலனி முறை 1956ல் பக்கும் மார்க்கஸும் சொன்னதுதான், 50 செல் சேர்ந்தால் ஒரு காலனி. வி79 வேகமாக வளரும், ஒரு வாரத்தில் எண்ணிவிடலாம். கதிர் கொடுத்தபின் டிரிப்சின் (செல்லைப் பெயர்த்தெடுக்கும் நொதி) போட்டு, எண்ணி, சாதாரண டிஷ்ஷில் விதையுங்கள். மைலாரிலேயே காலனி வளர விடாதீர்கள்.

#14 கயல்_ஆய்வு

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. முடுக்கி ஆட்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். ஜன்னல் 20 மைக்ரான் டைட்டானியமேதான். ஆனால் டிஷ் தூரம் 3 இல்லை, 5 செ.மீ. என்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. காமா-எச்2ஏஎக்ஸ் பார்க்கும்போது, துகள் நேராகக் கருவைக் குத்திக்கொண்டு போனால் மைக்ரோஸ்கோப்பில் மேலிருந்து ஒரு புள்ளிதானே தெரியும்? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துகள் போனால் எப்படிப் பிரிப்பது?

#15 டார்ம்ஸ்டாட்_வாசி

டிஷ்ஷைச் சாய்த்து வையுங்கோ. பீம் கருவுக்குள் மேலோட்டமான கோணத்தில் நுழைந்தால் புள்ளிக்குப் பதிலாக ஒரு கோடு தெரியும், அந்தக் கோடு நெடுகப் பச்சைப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். ஒரு கோடு, ஒரு துகள். ஜி.எஸ்.ஐ. குழு இப்படித்தான் துகள் பாதையை நேரடியாகக் காட்டியது. ஆனால் சாய்த்தால் மைலாரின் தடிப்பு பீமுக்குப் பல மடங்காகும். 10 டிகிரி கோணத்தில் 6 மைக்ரான் மைலார் 35 மைக்ரான் ஆகிவிடும். உங்களிடத்தில் அந்த ஆற்றல் இல்லை. 30 டிகிரி வைத்தால் இரண்டு மடங்குதான், தாங்கும். இதற்கு மட்டும் 3 மைக்ரான் மைலார் எடுங்கோ, டோஸும் 0.25க்கு மேல் போகவேண்டாம். கொடுத்து அரை மணி நேரத்தில் ஃபிக்ஸ் செய்துவிடுங்கோ, புள்ளிகள் அப்போதுதான் அதிகம்.

#16 பீம்லைன்காரன்

5 செ.மீ. என்றால் இன்னும் 5 எம்.ஈ.வி. போய்விட்டது கயல். 59 பக்கம் நிற்கும், எல்.ஈ.டி. 285ஐத் தொடும். டிஷ் தாங்கியை 2 செ.மீ. முன்னால் நகர்த்த முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் இரண்டு போல்ட் கழற்றும் வேலைதான். முடியாது என்றால் 5ஐ வைத்தே எல்லா எண்ணையும் திரும்பப் போடுங்கள். மைலார் எடுக்கும் பங்கையும் சேர்த்து, போட்டு இங்கே ஒட்டினால் நான் ஒரு முறை சரிபார்த்துத் தருகிறேன்.